கயிறுகள் கீழிருந்து போகும் ஊர்வலம்

நியூஜெர்சித் தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், கோடைக்காலத்தில் கூட்டிப்போக இடத்துக்குப் பஞ்சமில்லை. நயாகரா இருக்கிறது, வாஷிங்டன் இருக்கிறது, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் இருக்கிறது. தங்கல் நவம்பர் வரை நீண்டுவிட்டால்தான் திண்டாட்டம். மரங்கள் இலையெல்லாம் கொட்டி நிற்கும். மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மூட்டுவலிக்காரர்கள் வாசலைத் தாண்டவே யோசிப்பார்கள். அப்படி எல்லாம் ஒடுங்கிக் கிடக்கும் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நாளின் காலையில், நியூயார்க் நகரத்தில் ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. மேசீஸ் என்ற பெரிய கடை நடத்தும் ஊர்வலம். நான்கைந்து மாடி உயரப் பலூன்கள், அலங்கார வண்டிகள், நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் பள்ளி, கல்லூரி வாத்தியக் குழுக்கள், கடைசியில் சாண்டா கிளாஸ். ஏறத்தாழ 35 லட்சம் பேர் வீதியில் நின்று பார்ப்பதாகக் கடை சொல்கிறது.

போகலாமா என்று வீட்டில் பேச்செடுத்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டிவியிலயே சூடா காபி குடிச்சுக்கிட்டுப் பாக்கலாமே, எதுக்கு அந்தக் குளிர்ல போய் நிக்கணும்?" நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் தெரிந்துகொண்டு கிளம்புகிற குடும்பம் மகிழ்ச்சியோடு திரும்பும். தெரியாமல் போகிற குடும்பம் கால் கடுக்க நின்றுவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பும்.

தொலைக்காட்சியில் வருவது 34ஆம் தெருவில், கடை வாசலில் நடப்பது. பிராட்வே நாடகக் குழுக்களின் ஆடல் பாடல், ராக்கெட்ஸ் நடனப் பெண்கள் வரிசையாகக் காலைத் தூக்கும் அந்தப் புகழ்பெற்ற ஆட்டம், பாடகர்களின் பாட்டு எல்லாம் அங்கேதான், கேமராவுக்கு முன்னால்தான். ஆறாம் அவென்யூவில் 38ஆம் தெருவைத் தாண்டிய பகுதி பொதுமக்கள் நின்று பார்ப்பதற்கானதல்ல. வீதியில் நிற்கும் நமக்கு அந்தப் பாடகர்கள் வண்டியில் நின்று கையசைத்துக்கொண்டு கடந்து போவார்கள், அவ்வளவே. கடை வாசலில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் நடக்கும்போது பின்னால் வரும் வரிசை அங்கங்கே நின்று நின்றுதான் நகரும். ஆக, டிவியில் பார்த்த ஊர்வலத்தை வீதியில் தேடினால் கிடைக்காது.

வீதியில் கிடைப்பது வேறு. தொலைக்காட்சிச் சட்டத்துக்குள் பலூனின் முகம் மட்டும் நிறைந்திருக்கும். கீழே கயிறு பிடித்து நடப்பவர்கள் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போவார்கள். வீதியிலோ அவர்கள்தான் நம் கண்ணுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறார்கள். ஒரு பெரிய பலூனுக்கு 80, 90 பேர். மேசீஸ் ஊழியர்கள், அவர்களுடைய வீட்டார், நண்பர்கள் என எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள். என்னைக் கேட்டால் இந்த ஊர்வலத்தின் உயிரே அந்தக் கயிறு பிடிக்கும் மனிதர்கள்தான். அவர்களைப் பார்ப்பதற்காகத் திட்டமிடுங்கள்; பலூன்கள் தாமாகவே கண்ணில் படும்.

இந்தக் கயிற்றின் கதை பழையது. 1924 நவம்பர் 27 அன்று நடந்த முதல் ஊர்வலத்தில் பலூன் கிடையாது. கடை ஊழியர்கள் வேடம் போட்டு நடந்தார்கள்; அவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையிலிருந்து யானையும் ஒட்டகமும் கரடியும் இரவலாக வந்தன. ஹார்லெமில் 145ஆம் தெருவில் கிளம்பி, 34ஆம் தெருக் கடை வாசல் வரை ஆறு மைல் நடை. அப்போது அதன் பெயர் கிறிஸ்துமஸ் ஊர்வலம். சாண்டா கிளாஸ் கடை வாசலில் வந்து இறங்கினால் பண்டிகை வியாபாரம் தொடங்கிவிட்டது என்று பொருள். வியாபாரம்தான் வேர் என்பதில் யாருக்கும் ஒளிவு மறைவு இருந்ததில்லை. 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட் நன்றி நாளையே ஒரு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்தார், கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று. அதில் எழுந்த குழப்பத்துக்குப் பிறகு, நான்காவது வியாழக்கிழமை என்று 1941இல் சட்டம் போட்டு நிலைநிறுத்தினார்கள்.

டோனி சார்க் என்று ஒரு பொம்மலாட்டக் கலைஞர். மேசீஸ் கடையின் கண்ணாடி மாடங்களுக்கு ஆடும் பொம்மைகளைச் செய்து கொடுத்தவர். நிஜ மிருகங்களுக்குப் பதிலாகப் பெரிய ரப்பர் உருவங்களை 1927இல் வடிவமைத்தவர் அவர்தான். ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் குட்இயர் நிறுவனம் அவற்றைச் செய்து தந்தது. பொம்மலாட்டத்தில் கயிறு மேலிருந்து இறங்கும், ஆட்டுகிறவர் மேலே மறைந்திருப்பார். சார்க் அதை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டார். பொம்மை மேலே, ஆட்டுகிறவர்கள் கீழே, ஊரறிய, வெளிச்சத்தில். அடுத்த ஆண்டு ஹீலியம் நிரப்பியபோது அந்த எண்ணம் முழுமை பெற்றது. நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த இந்த யோசனையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தொடக்க ஆண்டுகளில் ஊர்வலம் முடிந்ததும் பலூன்களை அவிழ்த்து வானத்தில் விட்டுவிடுவார்களாம். கண்டெடுத்துத் திருப்பித் தந்தால் பரிசு. 1932இல், விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் விமானத்தில் அப்படி ஒரு பலூன் சிக்கி, விபத்து மயிரிழையில் தப்பியது. அதோடு அந்த வழக்கம் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை ஊர்வலமே நடக்கவில்லை. ரப்பரும் ஹீலியமும் போருக்குத் தேவைப்பட்டன. பலூன்களைப் பிரித்து அந்த ரப்பரை அரசுக்குக் கொடுத்தார்கள். 1958இல் ஹீலியம் தட்டுப்பாடு வந்தபோது நிறுத்தவில்லை. சாதாரணக் காற்றை அடைத்து, கட்டட வேலைக்கான கிரேன்களில் தொங்கவிட்டு இழுத்துப் போனார்கள். 1963இல் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டு ஒரு வாரம்கூட ஆகாத நிலையிலும் நடந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வீதியில் மக்கள் இல்லை. கடை வாசலில் தொலைக்காட்சிக்கு மட்டும் நடத்தினார்கள். போர்க்கால மூன்று ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தால் 2024இல் நடந்தது 98ஆவது. அந்தக் கணக்கில் 2026 நவம்பர் 26ஆம் தேதி வருவது நூறாவது ஊர்வலம். அந்த ஆண்டு போக நினைப்பவர்கள் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: வியாழக்கிழமையிலிருந்து தொடங்காதீர்கள், புதன்கிழமையிலிருந்து தொடங்குங்கள்.

முந்தைய நாள் பிற்பகல், சென்ட்ரல் பார்க்கை ஒட்டிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இருபுறமும், 77ஆம் தெருவிலும் 81ஆம் தெருவிலும், பலூன்களுக்கு ஹீலியம் ஏற்றுகிறார்கள். அதைப் பொதுமக்கள் நடந்து பார்க்கலாம். கட்டணம் கிடையாது. அண்மை ஆண்டுகளில் பிற்பகல் 1 மணியிலிருந்து மாலை 6 மணி வரை அனுமதித்திருக்கிறார்கள். 72ஆம் தெருவும் கொலம்பஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் வரிசை தொடங்கும். நேரமும் வாயிலும் மாறக்கூடியவை, அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வருகிறவர்களால் நாலு மணிக்கு மேல் நெரிசல் கூடும். பாட்டி தாத்தாவையும் கைக்குழந்தையையும் கூட்டிப்போகிறவர்கள் ஒரு மணிக்கே வரிசையில் நின்றுவிடுவது நல்லது.

பலூன்கள் வருவது நம் நியூஜெர்சியிலிருந்துதான். மூனாக்கி என்ற சிற்றூரில் மேசீஸின் ஊர்வலப் பட்டறை இருக்கிறது. தச்சர்கள், ஓவியர்கள், பொறியாளர்கள், தையல்காரர்கள் என்று ஆண்டு முழுக்க அங்கே வேலை நடக்கிறது. அலங்கார வண்டிகள் மூன்று மாடி உயரம் எழும்பி நிற்பவை. ஆனால் ஒவ்வொன்றும் பன்னிரண்டரை அடி உயரத்துக்கும் எட்டு, எட்டரை அடி அகலத்துக்கும் மடங்கியாக வேண்டும். காரணம் லிங்கன் சுரங்கப்பாதை. நியூஜெர்சிக்காரர்கள் தினமும் பேருந்தில் நெருக்கியடித்துப் போகும் அதே பாதை வழியாக, ஊர் அடங்கிய இரவில் இந்த வண்டிகள் மடங்கிய நிலையில் ஊர்ந்து மன்ஹாட்டன் போய்ச் சேர்கின்றன. அங்கே போய்ப் பிரித்து நிமிர்த்துகிறார்கள். இதைச் சொன்ன பிறகு என் மகள் ஊர்வலத்தில் வந்த ஒவ்வொரு வண்டியிலும் மடிப்பு எங்கே இருக்கிறது என்றே தேடிக்கொண்டிருந்தாள்.

அருங்காட்சியகத் தெருவில் பலூன்கள் படுத்துக் கிடக்கும். மேலே பெரிய வலை போர்த்தி, வலையின் ஓரமெல்லாம் மணல் மூட்டை. ஹீலியம் லாரியிலிருந்து நீளக் குழாய்கள் ஓடும். ஒரே பலூனுக்குள் பல அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையாக நிரப்புவார்கள். முதலில் ஒரு காது எழும்பும், பிறகு ஒரு கை. பாதி உப்பிய ஒரு நாயின் மூக்கு தரையில் அழுந்திக் கிடக்க, அதன் பக்கத்தில் நான்கு பேர் நின்று வால்வைத் திருகிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல காட்சி இல்லை. வியாழக்கிழமை தலைக்கு மேலே பறந்து போகும் உருவத்தை, புதன்கிழமை தெருவில் கிடக்க, பெயின்ட் பூச்சும் ஒட்டுத் தையலும் தெரிகிற நெருக்கத்தில் பார்த்துவிடுகிறார்கள். இப்போதைய பலூன்கள் ரப்பர் அல்ல, பாலியூரித்தேன் பூசிய துணி. 1968 முதல் வந்துகொண்டிருக்கும் ஸ்னூப்பிதான் இவற்றில் அதிக முறை பறந்த பாத்திரம். அதன் உருவம் மட்டும் அவ்வப்போது புதிதாகச் செய்யப்படும்.

புதன்கிழமை மாலை வீடு திரும்பியதும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும். மறுநாள் காலை நாலு மணிக்கு எழுந்தால்தான் சரியாக இருக்கும்.

பாதை இதுதான்: அருங்காட்சியகத்தை ஒட்டிய 77ஆம் தெருவில், சென்ட்ரல் பார்க் வெஸ்ட் சாலையில் காலை எட்டரைக்குப் புறப்பட்டு (சில ஆண்டுகளுக்கு முன்வரை ஒன்பது மணி), தெற்கே கொலம்பஸ் சர்க்கிள் வரை வந்து, இடப்பக்கம் திரும்பி, பூங்காவின் தென்னோரமாகப் போய், ஆறாம் அவென்யூவில் இறங்கி, 34ஆம் தெருவில் கடை வாசலை அடைகிறது. ஏறக்குறைய இரண்டரை மைல். எங்கே நின்றாலும் முதல் பலூனிலிருந்து சாண்டா வரை கடந்து போக நல்ல நேரம் பிடிக்கும்; சாண்டா கடை வாசலை அடையும்போது மதியம் ஆகிவிடும்.

இதில் எங்கே நிற்பது? ஆறாம் அவென்யூ ரயிலடிக்கு அருகில் என்பதால் பலர் அங்கே போகிறார்கள். நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இருபுறமும் வானுயரக் கட்டடங்கள். காலையில் வெயில் தரைக்கு எட்டாது. அந்த இடுக்கில் காற்று வேகம் பிடிக்கும். பூங்காவின் தென்னோரச் சாலையிலும் தெற்குப் பக்கத்து உயர்ந்த ஹோட்டல்கள் வெயிலை மறைத்துவிடும். சென்ட்ரல் பார்க் வெஸ்ட் அப்படியல்ல. பூங்கா கிழக்கே இருக்கிறது, மரங்களில் இலை இல்லை. ஏழு மணிக்கு எழும் சூரியன் கொஞ்ச நேரத்தில் முதுகில் படும். நவம்பர் கடைசியில் அந்த இளவெயிலின் அருமை வயதானவர்களுக்குத்தான் தெரியும். ஊர்வலம் புறப்படும் இடம் அருகில் என்பதால் கயிறு பிடிப்பவர்களும் வாத்தியக் குழுப் பிள்ளைகளும் களைப்பில்லாமல், உற்சாகத்தோடு, நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவார்கள். எட்டரைக்குக் கிளம்பியது ஒன்பதுக்கு முன்பே நம்மைத் தொட்டுவிடும்; சீக்கிரம் வீடு திரும்பவும் முடியும்.

இன்னொன்று, இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பூங்காவின் கல் மதிலையொட்டி நடைபாதை நெடுக மர பெஞ்சுகள் இருக்கின்றன. முன்வரிசைக் கூட்டத்துக்குப் பின்னால் அங்கே உட்கார்ந்தால் வாத்தியக் குழுக்கள் தெரியாது, வண்டிகளின் மேல்பகுதி மட்டும் தெரியும். ஆனால் பலூன்கள் முழுசாகத் தெரியும், அவ்வளவு உயரம். எனவே குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இளையவர்கள் இருவர் குழந்தையோடு தடுப்புக் கம்பியருகே. பெரியவர்கள் பத்தடி பின்னால் பெஞ்சில். வாத்தியச் சத்தம் கேட்கும்போது விருப்பமிருந்தால் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய் உட்காரலாம். என் அம்மாவால் ஒரு மணி நேரம் தொடர்ந்து நிற்க முடியாது. அந்த பெஞ்ச் இருந்ததால்தான் அவளைக் கூட்டிப்போகவே துணிந்தோம்.

ஆனால் எந்தப் பக்கம் அனுமதி என்று அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்து, சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்பதை முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஊர்வலம் தொடங்கிவிட்டால் குறுக்கே கடக்க விடமாட்டார்கள். குறுக்குத் தெருக்களின் வாயில் மணல் நிரப்பிய மாநகராட்சி லாரிகள் வரிசையாக நிற்கும். வண்டி எதுவும் உள்ளே பாய்ந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. கணவன் ஒரு பக்கம் மனைவி மறுபக்கம் என்று பிரிந்துவிட்டால் ஊர்வலம் முடியும்வரை கையசைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காலை ஆறு மணி சுமாருக்குப் பூங்காப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலையில்லை. காரை மறந்துவிடுங்கள். ஜெர்ஸி சிட்டியிலிருந்து பாத் ரயிலில் 33ஆம் தெரு. எடிசன், பிரன்ஸ்விக் பக்கமிருந்து என்.ஜே. டிரான்சிட் ரயிலில் பென் ஸ்டேஷன். இரண்டு இடத்திலிருந்தும் ஏழாம் அவென்யூவின் அடியில் ஓடும் 1, 2, 3 ரயில்களில் ஒன்றைப் பிடித்து 72ஆம் தெருவில் இறங்கிக் கிழக்கே நடந்தால் பூங்கா. விடுமுறை நாள் கால அட்டவணை என்பதால் ரயில்கள் இடைவெளி விட்டு வரும். அதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கைச் சீட்டு விற்கிறோம் என்று யாராவது இணையத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். வீதியில் நின்று பார்ப்பதற்குச் சீட்டே கிடையாது. மேசீஸ் பொதுமக்களுக்கு எந்தச் சீட்டும் விற்பதில்லை. பாதையோர ஹோட்டல்களும் உணவகங்களும் ஜன்னலோர விருந்து என்று விற்பது வேறு விஷயம், அதற்குக் கைநிறையக் காசு வேண்டும்.

குளிரைப் பற்றி ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். வழக்கமான தேங்க்ஸ்கிவிங் காலை ஐந்து, ஆறு டிகிரி செல்சியஸில் இருக்கும். 2018இல் உறைநிலைக்கும் ஆறேழு டிகிரி கீழே போனது. 2024இல் மழை கொட்டியது. எல்லாரும் நனைந்துகொண்டே பார்த்தார்கள். அம்மா புடவைதான் கட்டுவேன் என்றாள். சரி, கட்டட்டும். உள்ளே மேலும் கீழும் தெர்மல், கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, செருப்புக்குப் பதில் ஷூ, காதை மூடிய குல்லா, எல்லாவற்றுக்கும் மேல் முழங்கால் தாண்டும் கோட். குளிர் காற்றிலிருந்து வருவதைவிடக் கால் வழியாக, சிமெண்டுத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்து எடுத்துப் போங்கள். அதன்மேல் நின்றால் பாதம் மரத்துப்போகாது. பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கும் கீழே ஒரு அட்டை. கையுறைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலங்கள் மருந்துக்கடையில் கிடைக்கும். பெரிய பை, குடை, குளிர்பெட்டி இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சோதனையில் நேரம் போகும், கூட்டத்தில் இடமும் இருக்காது.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஆறினாலும் கெடாது, கையுறையைக் கழற்றி ஒரு கையால் சாப்பிடலாம். குழந்தைக்குச் சப்பாத்திச் சுருள். பிளாஸ்கில் காபி இருக்கட்டும், ஆனால் குறைவாகக் குடியுங்கள், ஏனென்றால் இந்த நாளின் உண்மையான சிக்கல் கழிப்பறை. அருங்காட்சியகம் தேங்க்ஸ்கிவிங் அன்று மூடியிருக்கும். கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், மேசீஸ் உட்பட. பூங்காப் பக்கம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: உள்ளே சில பொதுக் கழிப்பறைகள் உண்டு, 61, 63ஆம் தெருக்களின் நேருக்கு நடுப்பூங்காவில் ஹெக்ஷர் விளையாட்டுத்திடலருகே ஒன்று. எந்த வாயில் திறந்திருக்கிறது என்பதைப் போய்ச் சேர்ந்ததும் அங்கே நிற்கும் காவலரிடம் கேட்டுவிடுங்கள். குழந்தையின் மணிக்கட்டில் பேனாவால் அலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். கூட்டத்தில் அலைபேசி அலைவரிசை திணறும். பிரிந்தால் எந்த பெஞ்சில் சேர்வது என்று முன்பே பேசிக்கொள்வதுதான் நம்பகமானது.

எட்டரைக்குப் பிறகு வடக்கிலிருந்து முரசுச் சத்தம் கேட்கத் தொடங்கும். டாம் டர்க்கி என்ற வான்கோழி வண்டி முன்னால் வரும். அதன் பின்னால் முதல் பலூன், ஜன்னல்களில் முகங்கள் நிறைந்த பழைய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் பூங்கா மரங்களுக்கும் நடுவே அசைந்து வரும். அதற்கு முன்னால் ஒருவர் பின்னோக்கியே நடந்து வருவார். அவர்தான் அந்தப் பலூனின் பைலட். கண் மேலேயே இருக்கும். கை காட்டியும் விசில் ஊதியும் எந்தப் பக்கம் கயிற்றை விட வேண்டும், எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார். இரண்டரை மைலும் பின்னோக்கி நடை. இதற்காக மாதக்கணக்கில் முன்பே, காலியான திடல்களில் பலூனை ஏற்றிப் பயிற்சி எடுக்கிறார்கள். கயிறு பிடிப்பவர் குறைந்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையாவது இருக்க வேண்டும் என்பது விதி. பலூனின் நடுவில் கனமான சிறு வண்டிகள் இரண்டு, நங்கூரம்போலக் கட்டியிருக்கும்.

என் அம்மா திருவாரூர்க்காரி. ஆழித்தேர் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவள். ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டாவது பலூன் வந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "நம்மூர்ல வடத்தைப் புடிச்சு முன்னாடி இழுப்பாங்கடி. நகர மாட்டேன்னு நிக்கிறதை நகர்த்தணும். இங்க பாரு, பறந்து போறேன்னு நிக்கிறதைக் கீழ இழுத்துப் புடிக்கிறாங்க" என்றாள். பிறகு அவள் பலூன்களைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கயிறாக, அதைப் பிடித்தவரின் கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர் திரும்பும் முனையில்தான் கஷ்டம், இங்கே எங்கே திரும்பும் என்று கேட்டாள். கொலம்பஸ் சர்க்கிளில் என்றேன். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கட்டடங்களின் மறைவிலிருந்து வெட்டவெளிக்கு வரும் அந்த முனையில்தான் காற்று திசைமாறி அடிக்கும்.

காற்றைப் பற்றிக் குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1997இல் பலத்த காற்றடித்த காலையில், 72ஆம் தெரு முனையில் ஒரு பூனைப் பலூன் விளக்குக் கம்பத்தில் மோதி, கம்பத்தின் தலை உடைந்து விழுந்து பார்வையாளர் நால்வர் காயமடைந்தார்கள். ஒரு பெண் வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். அதன்பின் நகரம் கடுமையான விதிகளை வகுத்தது. காற்று நிலையாக மணிக்கு 23 மைலுக்கு மேலோ, வீச்சு 34 மைலுக்கு மேலோ இருந்தால் பெரிய பலூன்கள் பறக்கக் கூடாது. பலூனின் அளவுக்கும் வரம்பு வந்தது. 2005இல், அப்போதைய பாதையில் இருந்த டைம்ஸ் சதுக்கத்தில் மீண்டும் ஒரு விபத்து. சகோதரிகள் இருவருக்குக் காயம். அதற்குப் பிறகு பாதை நெடுகக் காற்றளக்கும் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். முன்பு 1971இல் காற்று மிஞ்சிப் பலூன்களே இல்லாமல் ஊர்வலம் போனதுண்டு. எனவே புதன்கிழமை இரவு வானிலை அறிக்கையைப் பார்த்து, குழந்தையிடம் முன்பே சொல்லி வையுங்கள்: காற்று அதிகமானால் நாளை பலூன் தாழ்வாக வரும், அல்லது வராமலே போகும், மனிதர்களைக் காப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று. காற்றடிக்கும் நாளில் பலூன்களைக் கயிறு குறுக்கித் தலைக்கு வெகு அருகில் கொண்டுவருவதையும் பார்க்கலாம். அப்போது கயிறு பிடிப்பவர்களின் தோள்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும்.

பலூன்களை மட்டும் எதிர்பார்த்துப் போனவர்கள் வாத்தியக் குழுக்களிடம் மனதைப் பறிகொடுப்பது வழக்கம். ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தேர்வாகி, ஊர்க்காரர்களிடம் நிதி திரட்டிப் பேருந்திலும் விமானத்திலும் வந்த பிள்ளைகள். நள்ளிரவு தாண்டி இரண்டு மூன்று மணிக்குக் கடை வாசலிலுள்ள ஹெரால்ட் சதுக்கத்தில் கேமராவுக்காக ஒத்திகை பார்த்துவிட்டு, சரியாகத் தூங்காமல் காலையில் திரும்பவும் வந்து ஊதுகிறார்கள். அவர்களுக்குக் கை தட்டுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டுங்கள், அப்போதுதான் சத்தம் கேட்கும். பித்தளைக் குழலைக் குளிரில் உதட்டில் வைத்துக்கொண்டு நடக்கும் பதினாறு வயதுப் பெண், நம் கைதட்டலைக் கேட்டு நிமிர்ந்து நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அன்று குழந்தைகள் தேங்க்ஸ்கிவிங் என்றால் என்ன என்று கேட்பார்கள். பள்ளியில் படித்த யாத்திரிகர் (பில்கிரிம்ஸ்) கதையோடு, இந்த மண்ணின் பூர்வகுடிகள் 1970 முதல் இதே நாளில் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டும் புரியும். என் மகளுக்குப் புரிந்தது. வழியெல்லாம் அதைப் பற்றித்தான் கேள்வி கேட்டாள்.

கடைசிவரை நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சாண்டா கடைசியில் வருவதால் சின்னக் குழந்தைகள் அதற்காகக் காத்திருக்க அடம்பிடிப்பார்கள். முன்வரிசையில் இடம் நல்லதாக அமைந்து, வெயிலும் இருந்தால் காத்திருங்கள். முதியவர் முகம் வாடத் தொடங்கினாலோ, குழந்தையின் மூக்கு சிவந்து பேச்சு நின்றுபோனாலோ உடனே கிளம்பிவிடுங்கள். பூங்காப் பக்கம் நின்றவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் முழுப் பூங்காவும் திறந்து கிடக்கிறது. அதன் வழியே கிழக்கே நடந்து வெளியேறினால் லெக்சிங்டன் அவென்யூ ரயில். அதே அவென்யூவில் தெற்கே, 26 முதல் 29ஆம் தெரு வரை தென்னிந்திய உணவகங்கள் இருக்கின்றன. அன்று திறந்திருப்பார்களா என்று புதன்கிழமையே போன் செய்து கேட்டு வைத்துக்கொண்டால், சூடான சாம்பாரில் அன்றைய குளிர் கரைந்துவிடும். அங்கிருந்து 33ஆம் தெரு பாத் நிலையம் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை.

இரண்டு நாளும் போக முடியாதவர்கள் எதை விடுவது என்று கேட்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், அல்லது வந்திருக்கும் பெரியவருக்கு இதயமோ மூச்சோ தொந்தரவு கொடுக்கும் என்றால், வியாழக்கிழமையை விட்டுவிட்டுப் புதன்கிழமை மட்டும் போங்கள். அதில் நடந்துகொண்டே இருக்கலாம், குளிரில் ஓரிடத்தில் உறைந்து நிற்க வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். மறுநாள் காலை டிவியில் அதே பலூன் வரும்போது, அதன் காது எப்படி எழும்பியது என்று குழந்தை பாட்டிக்குச் சொல்லும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் நடமாட்டமுள்ள பெரியவர்களும் இருக்கும் வீடென்றால் வியாழக்கிழமையைத் தவறவிடாதீர்கள். சென்ட்ரல் பார்க் வெஸ்டில், 70ஆம் தெருவுக்கும் 65ஆம் தெருவுக்கும் நடுவே, பூங்காப் பக்கம், ஆறு மணிக்குள்.